விழாத கிழவர்

வெளிநாட்டுக்குப் போகிறவர்கள் பெட்டியில் வற்றலும் பருப்புப் பொடியும் எடுத்துப் போவார்கள். எங்கள் நடைக் கூட்டத்தில் யார் விமானம் ஏறினாலும் அவற்றோடு ஒரு ராஜாவையும் எடுத்துப் போக வேண்டும்.

தஞ்சாவூரில் எங்கள் காலனிப் பூங்காவைத் தினமும் காலையில் ஏழு சுற்றுச் சுற்றுகிறவர்கள் ஒன்பது பேர். ஏழு என்பது வீட்டில் சொல்கிற கணக்கு. நடப்பது மூன்று, மிச்ச நான்கையும் பெஞ்சில் உட்கார்ந்து பேசியே தீர்த்துவிடுவோம். ஒன்பது பேரும் ஓய்வு பெற்றவர்கள். ஒன்பது பேருக்கும் மகனோ மகளோ கடல் தாண்டி இருக்கிறார்கள். ஆகவே வருஷத்தில் எந்த மாதத்தை எடுத்துக்கொண்டாலும், பேரக்குழந்தையைப் பார்த்துக்கொள்ளப் போன மனைவிக்குத் துணை என்ற பெயரில், எங்களில் ஒருவராவது ஏதோ ஒரு நாட்டில் சும்மா இருந்துகொண்டிருப்பார்.

ராஜா வந்தது கணக்கு வாத்தியார் வீட்டுக் கொலுவிலிருந்து. பெரிய கோயில் வாசலில் ராஜா, ராணி என்று ஜோடியாக வாங்கிய பொம்மைகள். ராணி ஒருநாள் பரணிலிருந்து விழுந்து உடைந்துபோனாள். தரையில் சாய்த்தால் எழுந்துகொள்ளத்தான் அந்தப் பொம்மைக்குத் தெரியும்; பரணிலிருந்து தள்ளினால் பாவம் என்ன செய்யும்? தனியாகிப்போன ராஜாவை வாத்தியார் பூங்காவுக்குக் கொண்டுவந்துவிட்டார். ஒரு சாண் உயரம், சிவப்பு அங்கி, முறுக்கு மீசை, எதற்கும் அசராத முழி. தலையாட்டி பொம்மை என்று ஊரே சொல்கிறதே ஒழிய, எங்கள் ராஜாவுக்குத் தலை தனியாக ஆடாது. ஆடினால் முழு உடம்பும் ஆடும். மேலே காகிதக்கூழ், அடியில் உருண்டையாகக் களிமண். கனமெல்லாம் கீழே கிடப்பதால் எந்தப் பக்கம் சாய்த்தாலும் இரண்டு ஆட்டம் ஆடிவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்துகொள்வார்.

யார் வெளிநாடு போனாலும் ராஜா கூடப் போவார், அங்கே பேர்போன ஓர் இடத்தில் அவரை உட்காரவைத்துப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போட வேண்டும் என்பது வாய்மொழிச் சட்டம். முன்னாள் தாசில்தார் ஒருவர் எங்களோடு நடக்கிறார். அவர் இருக்கிற இடத்தில் சட்டம் தானாக உண்டாகிவிடும். அப்படியாக 828 மீட்டர் புர்ஜ் கலீஃபாவுக்கு முன்னால் ஒரு சாண் ராஜா நின்றிருக்கிறார். நயாகராவில் நனைந்து, காது ஓரத்தில் கொஞ்சம் சாயம் போயிருக்கிறது. லண்டனில் டவர் பாலத்துக் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்திருக்கிறார்.

சென்ற வருஷம் என் முறை வந்தது. மகள் சிங்கப்பூரில் பிரசவித்திருந்தாள். ராஜாவை என் கையில் ஒப்படைத்த தாசில்தார், “சிங்கப்பூர்னா அந்தச் சிங்கமீனு கிட்டப் போய் நின்னுராதீங்க. அது ஏற்கெனவே ரெண்டு தடவை ஆயிருச்சு. மூணாவது தடவை செல்லாது” என்றார்.

எனக்குத் திக்கென்றது. ஏனென்றால் நான் போட்டிருந்த திட்டமே அதுதான். 1972-இல் திறந்த சிலை, 8.6 மீட்டர் உயரம், சிங்கத் தலை, மீன் உடம்பு, வாயிலிருந்து ஓயாமல் தண்ணீர். ராஜாவைத் தூக்கிக்கொண்டு போய் நின்றால் ஐந்து நிமிஷத்தில் கடமை முடிந்திருக்கும். இனி வேறு இடம் தேட வேண்டும்.

இங்கே ராஜாவுக்கும் எனக்கும் உள்ள பழைய மனத்தாங்கல் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். அதற்கு முந்தின மழைக்காலத்தில் நான் கொல்லைப்புறத்துப் பாசியில் வழுக்கி விழுந்தேன். மணிக்கட்டில் எலும்பு முறிந்து ஆறு வாரம் மாவுக்கட்டு. நடைக் கூட்டத்தார் ஹார்லிக்ஸும் ரொட்டியும் வாங்கிக்கொண்டு பார்க்க வந்தார்கள். கூடவே ராஜாவையும் கொண்டுவந்து என் தலைமாட்டில் வைத்து, “இவரைப் பாத்துக்கிட்டே படுத்திருங்க, எப்படி விழாம இருக்கிறதுன்னு புரியும்” என்று சொல்லிவிட்டுப் போனார்கள். ஆறு வாரம் அந்த மீசையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தவனுக்குத்தான் அந்த வலி தெரியும்.

சிங்கப்பூரில் மகள் வீடு அங் மோ கியோவில், பதினோராவது மாடி. வீவக, அதாவது வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் அடுக்குமாடி. அந்த நாட்டு மக்களில் பத்துக்கு எட்டுப் பேர் அரசாங்கம் கட்டிய இந்த வீடுகளில்தான் இருக்கிறார்களாம். வீட்டுக்குள் என் மனைவி பத்தியச் சமையல், பெருங்காயம், பூண்டு, குழந்தைக்கு எண்ணெய்க் குளியல் என்று ஒரு தனி அரசாங்கமே நடத்திக்கொண்டிருந்தாள். எனக்குக் கொடுத்த இலாகா ஒன்றே ஒன்று, குழந்தையின் துணிகளை மடித்து வைப்பது. நான் மடித்ததை எல்லாம் அவள் பிரித்து மறுபடி மடித்ததைப் பார்த்த மூன்றாம் நாள் நானே ராஜினாமா செய்துவிட்டேன்.

“அப்பா, நீங்க கொஞ்சம் கீழ போய்ட்டு வாங்களேன்” என்றாள் மகள். பதினோரு மாடிக்குக் கீழே அனுப்புவதையும் எவ்வளவு மரியாதையாகச் சொல்கிறார்கள்!

அந்த ஊர் அடுக்குமாடிகளில் தரைத்தளத்தில் பெரும்பாலும் வீடு கிடையாது. தூண்களாக நிற்கும், நடுவில் காலி இடம். மலாய்க்காரர் வீட்டுக் கல்யாணப் பந்தலும் அங்கேதான், சீனர் வீட்டுச் சாவுக்குப் பந்தல் போடுவதும் அங்கேதான். மற்ற நாட்களில் சதுரங்கக் கட்டம் பதித்த கல்மேசைகளைச் சுற்றிக் கிழவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். சூரியன் ஏழு மணிக்கு எழுந்திருக்கிற ஊர் அது. நான் இறங்கிய ஆறே முக்காலுக்கு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. தூண்களுக்கு நடுவே பதினைந்து பேர், முக்கால்வாசி பெண்கள், எல்லாருக்கும் அறுபதுக்கு மேல், ஒரே நிறத்தில் பனியன் போட்டுக்கொண்டு, காற்றில் எதையோ தடவிக்கொண்டிருந்தார்கள். கல்மேசை மேல் ஒரு சின்னப் பாட்டுப்பெட்டியிலிருந்து தந்தி வாத்திய இசையும் இடையிடையே ஒரு பெண் குரலும் வந்துகொண்டிருந்தன.

தாய்ச்சி. சினிமாவிலும் யூடியூபிலும் பார்த்ததுதான். ஆனால் நேரில் பார்க்கும்போது அந்த மெதுவு நம்மை என்னவோ செய்கிறது. ஒரு கை மார்பிலிருந்து இடுப்புக்குப் போய்ச் சேர்வதற்குள் நான் ஒரு கொட்டாவி விட்டு முடித்துவிட்டேன். இதே வேகத்தில் கோப்பு நகர்த்தியதற்காக ஒருமுறை எனக்கு விளக்கம் கேட்டு மெமோ வந்தது. இங்கே அதற்கு வாத்தியம் வாசிக்கிறார்கள்.

“வாங்க தம்பி, பசியாறியாச்சா?”

திரும்பினால் வெள்ளைத் தலையும் கறுத்த முகமுமாக ஒருவர். அறுபத்தேழு வயதில் என்னைத் தம்பி என்று கூப்பிட ஓர் ஆள் இருக்கிறாரே என்று உடம்பெல்லாம் குளிர்ந்துவிட்டது. அவருக்கு எழுபத்து நான்கு. அப்பா மன்னார்குடிப் பக்கத்திலிருந்து கப்பலேறி வந்தவராம். இவர் பிறந்தது, துறைமுகத்தில் வேலை பார்த்தது, ஓய்வு பெற்றது எல்லாம் சிங்கப்பூரில். தமிழ், மலாய், ஆங்கிலம், ஹொக்கியன் நான்கையும் ஒரே வாக்கியத்துக்குள் பேசுவார். எனக்கு மொழிபெயர்ப்பாளர், மூத்தவர், சக மாணவர் எல்லாம் அந்த அண்ணன்தான். “சும்மா பின்னால நில்லுங்க, பாத்துச் செய்ங்க, கேன்” என்றார்.

கேன் என்றால் முடியும் என்று அர்த்தம். அந்த ஊரில் பாதிப் பேச்சு அந்த ஒரு சொல்லிலேயே முடிந்துவிடுகிறது. என் முழங்கால்தான் அதை ஒப்புக்கொள்ளவில்லை.

அவர்கள் செய்வது 24 நிலைகள் உள்ள சுருக்க வடிவம். பழைய முறையில் நூறு தாண்டிப் போகுமாம். எல்லா ஜனங்களும் கற்றுக்கொள்ளட்டும் என்று 1956-இல் சீனத்து விளையாட்டுத் துறைக்காரர்கள் சுருக்கிக் கொடுத்தது இது. என்னைவிட இரண்டு வயது மூத்தது, எனக்கு எங்கே அடங்கப் போகிறது? அண்ணன் ஒவ்வொரு நிலைக்கும் பெயர் சொல்லிக்கொண்டே வந்தார். காட்டுக்குதிரையின் பிடரியைப் பிரிப்பது. வெள்ளைக் கொக்கு சிறகை விரிப்பது. சிட்டுக்குருவியின் வாலைப் பிடிப்பது. ஒரு மிருகக்காட்சிசாலையையே நின்ற இடத்தில் சுற்றிவந்த களைப்பு எனக்கு.

குரங்கை விரட்டுவது என்று ஒன்று வந்ததும் நான் கொஞ்சம் நிமிர்ந்தேன். இதில் எனக்கு முன்னனுபவம் உண்டு. எங்கள் மொட்டை மாடியில் வடாம் காய்கிற மாதங்களில் மனைவி என்னை அந்த உத்தியோகத்தில்தான் வைத்திருப்பாள். கையை ஓங்கி ஒரு அடி முன்னால் வைத்தேன். கூட்டம் முழுவதும் ஓர் அடி பின்னால் போயிற்று. மறுபடி வைத்தேன், அவர்கள் மறுபடி பின்னால். தாய்ச்சியில் குரங்கை விரட்டுகிறவர் பின்வாங்கிக்கொண்டே விரட்டுகிறார். ஒரு கையைத் தட்டிவிட்டு, மறு கையை இழுத்துக்கொண்டு, ஒவ்வோர் அடியாகப் பின்னால். யோசித்தால் இதுதான் நிஜம். மாடியில் நானும் முதல் அடிதான் முன்னால் வைப்பேன். குரங்கு பல்லைக் காட்டியபிறகு நடப்பதெல்லாம் சீனர்கள் சொல்வது மாதிரியேதான்.

சொல்லிக்கொடுப்பவர் எழுபதைத் தாண்டிய ஓர் அம்மாள். என் தோள் உயரம்கூட இல்லை. எல்லாரும் லாவ்ஷி என்றார்கள், ஆசிரியர் என்று அர்த்தம். அவர் என் அருகே வந்து என் தொப்புளுக்குக் கீழே மூன்று விரற்கடை தூரத்தை ஜாடையாகக் காட்டி என்னவோ சொன்னார். “ஒடம்போட கனம் அங்க எறங்கணுமாம்” என்றார் அண்ணன். என் கனம் தொப்புளுக்கு நான்கு விரற்கடை மேலே, அதுவும் அரை அடி முன்னால் தள்ளி இருக்கிறது என்பதை எந்த மொழியில் சொல்வது? லாவ்ஷி பார்த்தார், பார்த்ததிலேயே புரிந்துகொண்டார்.

அன்று மாலை மாப்பிள்ளையிடம் விஷயத்தைச் சொன்னேன். எதைச் சொன்னாலும் அதற்கு ஓர் ஆராய்ச்சிக் கட்டுரை வைத்திருக்கிற மாப்பிள்ளை அவர். தட்டிப் பார்த்துவிட்டு, “மாமா, நல்ல விஷயம். 1996-ல அட்லாண்டாவுல வந்த ஆய்வு. எழுபது வயசு, அதுக்கு மேல உள்ளவங்க 200 பேரு. ஒரு குழுவுக்குத் தாய்ச்சி, ஒரு குழுவுக்குக் கம்ப்யூட்டர் மெஷின்ல பேலன்ஸ் பயிற்சி, ஒரு குழுவுக்கு வெறும் பேச்சு. தாய்ச்சி குழுவுல மறுபடி மறுபடி விழுற ஆபத்து 47.5 சதவீதம் குறைஞ்சிருக்கு. மெஷின்ல நின்னவங்களுக்கு அப்படிக் குறையல” என்றார்.

“அந்தப் பாயிண்ட் அஞ்சு யாரு மாப்பிள்ளை? விழப்போயி கதவைப் பிடிச்சுக்கிட்டவரா?” என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. புள்ளிவிவரத்தில் அவருக்கு நகைச்சுவை பிடிக்காது. ஆனால் உள்ளே இருந்து மனைவியின் குரல் வந்தது: “ஏங்க, தெனமும் போங்க.” அது மணிக்கட்டை நினைத்துச் சொன்னதா, துணி மடிப்பை நினைத்துச் சொன்னதா என்று இன்றுவரை தெரியாது.

நான்காம் நாள்தான் ராஜா இறங்கினார். எனக்குத் தோன்றிய யோசனை எளிமையானது. சிங்கமீன் செல்லாது என்றால் தாய்ச்சிக் கூட்டம் செல்லுமே? இதுவரை எங்கள் ஒன்பது பேரில் எவரும் கொண்டுவராத படம். துணிப்பையில் ராஜாவைப் போட்டுக்கொண்டு போய், பயிற்சி முடிந்ததும் கல்மேசையில், சதுரங்கக் கட்டத்தின் நடுவில் வைத்தேன்.

“இது யாரு?” என்றார்கள்.

“ராஜா” என்றேன்.

விளக்கமே தேவைப்படவில்லை. மலாயிலும் ராஜா என்றால் ராஜாதானாம், அந்த ஊரில் எல்லாருக்கும் தெரிந்த சொல். “ஓ, ராஜா! கிங்!” என்று பதினைந்து பேரும் மேசையைச் சூழ்ந்துகொண்டார்கள். என் பெயரை நான்கு நாளாகச் சொல்லிக்கொடுத்தும் ஒருவருக்கும் வாயில் நுழையவில்லை; நான் வெறும் அங்கிள். இவர் வந்த அரை நிமிஷத்தில் பெயரும் பட்டமும் வாங்கிவிட்டார்.

யாரோ ஒரு பாட்டி ஆள்காட்டி விரலால் ராஜாவின் கிரீடத்தை மெல்லத் தள்ளினார். ராஜா சாய்ந்தார். மீசை ஏறக்குறைய மேசையைத் தொட்டது. பிறகு எழுந்து, அந்தப் பக்கம் போய், இந்தப் பக்கம் வந்து, ஒவ்வோர் ஆட்டமும் முந்தினதைவிடச் சின்னதாகி, கடைசியில் ஒரு நடுக்கத்தோடு நின்றார். கூட்டத்தில் ஒரு ‘ஆஆ’ எழுந்தது. லாவ்ஷி கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். அவர் இரண்டு விரலால் தள்ளினார், பக்கவாட்டில் தள்ளினார், பிறகு குனிந்து, கண்ணை மேசை மட்டத்துக்குக் கொண்டுவந்து, ராஜா அடங்குகிற வரை மூச்சுவிடாமல் பார்த்தார். நிமிர்ந்து, மூன்று சொல் சொன்னார்: “பு தாவ் வெங்.”

எல்லாரும் தலையாட்டினார்கள். அண்ணன் என் பக்கம் திரும்பி, “சீனர்கள்ட்டயும் இந்தப் பொம்மை இருக்கு தம்பி. அதுக்கு இதான் பேரு. விழாத கிழவர்” என்றார்.

நம் ஊரில் அவர் ராஜா. அங்கே கிழவர். கிரீடம் வேறு வேறாக இருக்கலாம், அடியில் இருக்கிற கனம் ஒன்றுதான் என்று அந்தக் கணத்தில் நான் பெரிதாக ஏதோ யோசிக்கத் தொடங்கினேன். அதற்குள் லாவ்ஷி என் கையைப் பிடித்து நடுவில் கொண்டுவந்து நிறுத்திவிட்டார்.

நடந்தது இவ்வளவுதான். என்னை நேராக நிற்கச் சொன்னார். தன் இரண்டு உள்ளங்கைகளையும் என் மார்பில், பூ வைப்பது போல வைத்தார். என் தோள் உயரம் இல்லாத, எழுபது தாண்டிய அம்மாள். தள்ளினார் என்றுகூடச் சொல்ல மாட்டேன். கை இருந்தது, பிறகு நான் அங்கே இல்லை. ஓர் அடி, இரண்டடி, மூன்றடி பின்னால் போய்த் தூணைப் பிடித்துக்கொண்டேன். ஒரு குரங்கும் விரட்டாமல் அவ்வளவு தூரம் நான் பின்வாங்கியது அதுதான் முதல் தடவை. பக்கத்து மேசையில் சீனச் சதுரங்கம் ஆடிக்கொண்டிருந்த இரண்டு தாத்தாக்கள் காய்களைக் கையால் மூடிக்கொண்டார்கள்.

லாவ்ஷி அடுத்து ராஜாவைத் தள்ளினார். ராஜா போனார், வந்தார். லாவ்ஷி என்னைக் காட்டினார், ராஜாவைக் காட்டினார். என் மார்பைத் தொட்டு, “ஹார்ட்” என்றார். ராஜாவின் அடிவயிற்றைத் தொட்டு, “ஹெவி” என்றார். அவருக்குத் தெரிந்த ஆங்கிலம் அவ்வளவுதான் என்று நினைக்கிறேன், ஆனால் அந்தப் பாடத்துக்கு அதுவே போதும். தள்ளினால் எதிர்த்து விறைக்கிறவன் விழுகிறான். விட்டுக்கொடுத்து ஆடுகிறவன் திரும்பி வருகிறான். சாயாமல் இருப்பதல்ல, சாய்ந்தபின் வழி தெரிந்திருப்பது. இதைத் தாய்ச்சிக்காரர்கள் தள்ளுகை என்று தனிப் பயிற்சியாகவே வைத்திருக்கிறார்கள். இருவர் எதிரெதிரே நின்று, மணிக்கட்டோடு மணிக்கட்டு ஒட்டி, ஒருவர் தள்ள ஒருவர் இளகிக்கொடுக்க வேண்டும். தஞ்சாவூரில் யாருக்காவது சொந்தப் புத்தி இல்லை என்று சொல்ல வேண்டுமானால் தலையாட்டி பொம்மை என்று திட்டுவோம். ஆனால் எத்தனை ஆட்டினாலும் அது உட்கார்ந்த இடத்தை விட்டு நகர்வதில்லை என்பதைத் திட்டுகிற எவரும் கவனித்ததாகத் தெரியவில்லை. நானும் கவனித்ததில்லை, ஆறு வாரம் தலைமாட்டிலேயே வைத்துக்கொண்டு படுத்திருந்தும்.

பிறகு படம் எடுக்கும் கட்டம். லாவ்ஷி நடுவில், அவர் உள்ளங்கையில் ராஜா, இருபுறமும் மற்றவர்கள் வெள்ளைக் கொக்குச் சிறகு விரித்தபடி. யார் எடுப்பது என்று ஒரு கணம் எல்லாரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பிறகு பதினைந்து கைபேசிகளும் ஒவ்வொன்றாக என் கைக்கு வந்தன. “அங்கிள், கேன்?” கேன். பதினைந்து படம் எடுத்தேன். ஒன்றிலும் நான் இல்லை. என் கைபேசியில் அண்ணன் எடுத்த பதினாறாவது படத்தில், ஓரத்தில், சிறகு விரிக்கத் தெரியாமல் கையை மேலே தூக்கிக்கொண்டு நிற்கிறேன். அதை வாட்ஸ்அப்பில் போட்டேன். தஞ்சாவூரிலிருந்து உடனே பதில் வந்தது. தாசில்தார் எழுதியிருந்தார்: “ராஜா பிரமாதம். ஓரத்தில் கையைத் தூக்கிக்கொண்டு நிற்பது யார், பிடிபட்டவனா?”

அதற்கப்புறம் நான் ராஜாவின் எடுபிடி ஆகிவிட்டேன். ஒருநாள் அவரை விட்டுவிட்டுக் கீழே போனேன். “ராஜா நோ கம்?” என்று முகங்கள் வாடின. மறுபடி பதினோரு மாடி ஏறி எடுத்துவந்தேன். பயிற்சியின்போது அவருக்கு லாவ்ஷியின் பக்கத்து மேசையில், கூட்டத்தைப் பார்த்தபடி இடம். என் தலை தொங்கினால் லாவ்ஷி வாயால் திருத்துவதில்லை. ராஜாவை நோக்கி முகவாயைக் காட்டுவார். தலை உச்சியை வானத்திலிருந்து ஒரு நூலில் கட்டித் தொங்கவிட்டது மாதிரி இருக்க வேண்டும், தோள் இளக வேண்டும், கனம் கீழே போக வேண்டும். இந்த மூன்றையும் ராஜா ஒரு முயற்சியும் இல்லாமல் காலை முழுவதும் செய்துகொண்டிருந்தார். ஒரு பொம்மையிடம் பொறாமைப்படுவது அறுபத்தேழு வயதுக்கு அழகல்ல என்று எனக்குத் தெரியும். பட்டேன்.

கடலடி ஊசி என்று ஒரு நிலை. ஆழ்கடலின் அடியில் கிடக்கிற ஊசியை எடுப்பது போல முன்கால் நுனியை ஊன்றி இடுப்பிலிருந்து குனிய வேண்டும். நான் குனிந்தேன். ஊசி கிடைக்கவில்லை, இடுப்பு அங்கேயே நின்றுவிட்டது. குனிந்த வாக்கில் பார்த்தால், மேசையிலிருந்து ராஜா அதே முழியோடு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணன் வந்து முதுகில் தைலம் தேய்த்து நிமிர்த்தினார்.

பயிற்சிக்குப் பிறகு அடுத்த புளோக்கில் உள்ள உணவங்காடிக்குப் போவோம். கோப்பி சொல்வதற்கே அந்த ஊரில் தனி இலக்கணம் உண்டு. கோப்பி என்றால் இனிப்புப் பாலோடு. ஓ சேர்த்தால் பால் இல்லை, சர்க்கரை உண்டு. அதோடு கோசோங் சேர்த்தால் சர்க்கரையும் இல்லை. தொல்காப்பியர் இருந்திருந்தால் ஓர் இயல் எழுதியிருப்பார். மாப்பிள்ளைக்குப் பயந்து நான் கோப்பி ஓ கோசோங். ராஜாவுக்கு மேசை நடுவில் இடம், சாப்பிட ஒன்றும் வேண்டாம். ஆனாலும் ஒரு பாட்டி தினமும் எண்ணெயில் பொரித்த நீட்டு ரொட்டியில் ஒரு துண்டைப் பிய்த்து அவர் முன்னால் வைப்பார், பிறகு அதை நான் சாப்பிடுவேன். நிவேதனம் நமக்குப் புதிதா?

அங்கேதான் அண்ணன் சரித்திரம் சொல்வார். ஹெனான் மாகாணத்தில் சென் குடும்பத்தாரின் கிராமம் ஒன்றில் இது சண்டைக் கலையாகத்தான் தொடங்கியது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் யாங் லூசான் என்பவர் அங்கே கற்றுக்கொண்டு பெய்ஜிங்குக்குப் போய்ச் சொல்லிக்கொடுக்க, அது பரவியது. சண்டைக்கு வந்தது இன்று மூட்டுவலிக்கு வந்து நிற்கிறது. 2020 டிசம்பரில் யுனெஸ்கோ தாய்ச்சியை மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. அதே மாதம், அதே பட்டியலில் சிங்கப்பூரின் உணவங்காடிக் கலாச்சாரத்தையும் சேர்த்தது. ஆக, காலை ஆறே முக்காலிலிருந்து ஒன்பது வரை நாங்கள் செய்துகொண்டிருந்தது எல்லாமே பட்டியலில் ஏறிய காரியம். ஒன்பதுக்கு மேல் வீட்டுக்குப் போய் நான் செய்ததற்குத்தான் எந்த அங்கீகாரமும் இல்லை.

ஒரு மாதத்தில் 24-இல் 8 நிலை வந்தது. வந்தது என்றால், லாவ்ஷி கண்ணை மூடிக்கொள்ளாமல் பார்க்கிற அளவுக்கு வந்தது. கடைசி நாள் அவர் மறுபடி என் மார்பில் கையை வைத்தார். நான் மூச்சை இறக்கினேன், முழங்காலைக் கொஞ்சம் தளர்த்தினேன், களிமண்ணை நினைத்துக்கொண்டேன். இந்த முறை ஓர் அடிதான் போனேன். போய், திரும்பியும் வந்தேன். லாவ்ஷி அண்ணனிடம் எதையோ சொல்லிச் சிரித்தார். என்ன சொன்னார் என்று கேட்டேன். “அங்கிள் இப்போ பாதிக் கிழவர்ங்கிறாங்க” என்றார் அண்ணன். என் வாழ்க்கையில் வாங்கிய பாராட்டுகளில் அதை முதல் மூன்றுக்குள் வைப்பேன்.

ஊருக்குத் திரும்பி விமானத்திலிருந்து இறங்கினேன். ராஜா கைப்பைக்குள் இருந்தார். பை ஸ்கேனருக்குள் போயிற்று, பெல்ட் நின்றது, மறுபடி பின்னால் போயிற்று, மறுபடி முன்னால் வந்தது. திரையைப் பார்த்துக்கொண்டிருந்த இளம் அதிகாரி என்னைப் பார்த்தார்.

“சார், உள்ள என்ன? அடியில உருண்டையா, கனமா ஒண்ணு தெரியுதே.”

சிங்கப்பூரிலிருந்து வருகிறவனின் பையில் உருண்டையாக, கனமாக ஒன்று. அவர் எதை நினைக்கிறார் என்று எனக்குப் புரிந்தது. பின்னால் வரிசையில் நின்ற இருபது பேருக்கும் புரிந்தது. அவர்கள் என்னை விட்டு ஓர் அடி விலகி நின்றார்கள்.

“களிமண்ணு சார்” என்றேன்.

“களிமண்ணை எதுக்கு சிங்கப்பூர்லேருந்து கொண்டாரீங்க?”

“இங்கேருந்துதான் கொண்டுபோனேன்.”

சொல்லிமுடித்தபோதே அது எவ்வளவு மோசமான பதில் என்று தெரிந்துவிட்டது. பையைத் திறக்கச் சொன்னார். ராஜாவை எடுத்து உயர மேசையில் வைத்தேன். அவர் அடியைத் தட்டிப் பார்த்தார், காதோரம் வைத்துக் குலுக்கினார், தலைகீழாகத் திருப்பினார். கீழே வைக்கும்போது கைபட்டு ராஜா சாய்ந்தார். அதிகாரி பதறிப் பிடிக்கப் போனார். அதற்குள் ராஜா எழுந்து, ஆடி, அடங்கி, மீசை மாறாமல் அவரைப் பார்த்தார்.

அதிகாரி ஒரு விரலால் மறுபடி தள்ளினார். இந்த முறை வேண்டுமென்றே. பக்கத்து மேசையிலிருந்து இன்னொருவர், “என்னப்பா அது?” என்று வந்தார். “எங்க பாட்டி வீட்ல இருந்துச்சுடா இது” என்றார் முதலாமவர். மூன்றாவதாக வந்தவர் பக்கவாட்டில் தள்ளினார். ராஜா ஒரு பெரிய வட்டம் போட்டு ஆடினார்.

நான் லாவ்ஷி சொன்னபடி கனத்தை இறக்கி, தோளைத் தளர்த்தி, மேசையோரத்தில் நேராக நின்றுகொண்டிருந்தேன். மூன்றாமவர் திரும்பி, கையால் என்னை லேசாக ஒதுக்கினார்.

“சார், கொஞ்சம் தள்ளி நில்லுங்க. அவரு ஆடறதுக்கு எடம் வேணும்ல.”